கட்டம் கட்டிய விடை

கணக்கு சாரிடம் அவருடைய குறைகளைக் கேட்டால் யோசித்துத்தான் சொல்வார். நிறைகளைக் கேட்டால் யோசிக்க மாட்டார். முதல் நிறை, அவருடைய கையெழுத்து. கரும்பலகையின் மேல் ஓரத்தில் தொடங்கினால் அடி ஓரம் வரை ஓர் அங்குலம்கூட வீணாகாமல் இறங்குவார். கடைசியில் வலது கீழ் மூலையில் விடையை எழுதி, ஸ்கேல் வைத்துக் கட்டம் கட்டுவார். பதினெட்டு வருடமாக விடைக்கு அதே மூலைதான்.

இரண்டாவது நிறை, நகைச்சுவை. கடைசி பெஞ்சில் ஒரு பெண் பாடம் நடக்கும்போதெல்லாம் எழுந்து எழுந்து உட்காருவாள். அவளுக்கு 'ஸ்பிரிங்' என்று பட்டப்பெயர் வைத்தவர் அவர்தான். வகுப்பே சிரித்தது. வீட்டில் மனைவியிடம் சொன்னபோது மனைவி சிரிக்கவில்லை. ரசிப்பதற்கும் ஒரு கொடுப்பினை வேண்டும் என்று சார் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

அன்று காலை தலைமையாசிரியையிடம் ஒரு பட்டியல் கொடுத்திருந்தார். கணக்கு வராத ஐந்து பேரைக் கீழ்ப் பிரிவுக்கு மாற்றும் பட்டியல். அங்கே போனவர்களுக்குப் பெரிய வகுப்பில் கணக்குப் பாடமே கிடைக்காது; போனது போனதுதான். ஐவரும் கடைசி பெஞ்ச். காரணம் கேட்ட இடத்தில் ஐந்து முறையும் 'கவனமின்மை' என்று எழுதி, ஸ்பிரிங்குக்கு மட்டும் 'ஓயாமல் எழுந்து நிற்கிறாள்' என்று சேர்த்திருந்தார்.

மூன்றாவது பீரியடில் நாற்காலி உடைந்தது. ஒரு மாதமாக ஆடிக்கொண்டிருந்த கால்தான். சார் தரையில் உட்கார்ந்திருந்தார். வகுப்பு சிரிப்பை அடக்கிப் பார்த்தது, முடியவில்லை.

அவர் எழுந்து பேண்ட்டைத் தட்டிக்கொண்டு, "இன்னைக்குப் புது முறை," என்றார். "நான் பின்னாடி உக்காந்துக்கறேன். ஒருத்தர் வந்து கணக்கு போடுங்க."

விழுந்ததையும் ஒரு முறையாக்கிய தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டே போய் ஸ்பிரிங் பக்கத்தில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். முதல் பெஞ்ச் பெண் ஒருத்தி பலகைக்குப் போய் அச்சு அசலாக அவரைப் போலவே எழுதினாள். நான்கு வரி தெரிந்தது. ஐந்தாவது வரியை முன்னால் இருந்த தலைகள் மறைத்தன. அதற்குக் கீழே அவருடைய மேசையும் மேசைமேல் திருத்தாத நோட்டுகளும்.

"விடை எங்கம்மா?"

"எழுதிட்டேன் சார். கட்டமும் கட்டிட்டேன்."

கழுத்தை நீட்டிப் பார்த்தார். சாய்ந்து பார்த்தார். கடைசியில் எழுந்து நின்றார். விடை இருந்தது.

"எந்திரிச்சாதான் தெரியும் சார்," என்றாள் ஸ்பிரிங், மெதுவாக. "ஆனா எழுதி முடிக்கறதுக்குள்ள உக்காருன்னு சொல்லிடுவீங்க."

"இத ஏன் என்கிட்ட சொல்லல?"

"முதல் வாரமே சொன்னேன் சார். 'பலகைக்குக் கால் மொளைச்சு உன்கிட்ட வரணுமா'ன்னு கேட்டீங்க. எல்லாரும் சிரிச்சாங்க."

சாருக்கு ஞாபகம் வந்தது. அதையும் வீட்டில் போய்ச் சொல்லியிருந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. கடைசி பெஞ்சில் வருடத்துக்கு எட்டுப் பேர், பதினெட்டு வருடம். கணக்கு சார் முதல்முறையாக ஒரு பெருக்கலைப் போடப் பயந்தார்.

மதியம் தலைமையாசிரியையே எதிரில் வந்தார். "ஜன்னல் வழியா பாத்தேன் சார். பிள்ளைங்க நடத்த, நீங்க பின்னாடி இருந்து கவனிக்கறீங்க. அருமையான முறை. மத்த டீச்சருங்களுக்கும் சொல்லிக் குடுங்க."

'ஆமாம் மேடம்' என்று சொல்ல வாய் பாதி திறந்துவிட்டது. அதை மூடிவிட்டு மறுபடி திறந்தார். "நாற்காலி உடைஞ்சுது மேடம். கீழ விழுந்துட்டேன். அந்தப் பட்டியலத் திருப்பிக் குடுங்க."

"காரணம் எழுதிக் குடுத்தா தரேன்."

'கடைசி பெஞ்சுக்குப் பலகையின் கீழ்ப்பாதி தெரியாது. கவனமின்மை ஆசிரியருடையது' என்று எழுதினார். கையெழுத்து வழக்கம்போல அழகாகத்தான் இருந்தது.

தலைமையாசிரியை இரண்டு முறை படித்தார். "ரெண்டு வாரம் தரேன். ஒரு டெஸ்ட் வைங்க. நாப்பது வாங்கலன்னா அனுப்பித்தான் ஆகணும்."

மறுநாள் சார் பலகையின் நடுவில் குறுக்கே ஒரு கோடு போட்டார். அதற்குக் கீழே எதுவும் எழுதுவதில்லை. மேசையை ஓரம் தள்ளினார். இடம் குறைந்ததால் அடிக்கடி அழிக்க வேண்டியிருந்தது. அழிக்கும்போது அவரால் பேச முடியாது. அந்த இடைவெளியில் பிள்ளைகள் கேள்வி கேட்டார்கள். இத்தனை வருடமும் அவர்களுக்குக் கேள்வியே கிடையாது என்று நம்பியிருந்தார்.

டெஸ்டில் நான்கு பேர் தட்டுத்தடுமாறித் தேறினார்கள். ஸ்பிரிங்குக்கு முப்பத்தெட்டு. சார் இரவெல்லாம் புரண்டார். காலையில் டெஸ்ட் கணக்குகளைப் பலகையில் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டி, கடைசிக் கணக்கின் விடைக்குக் கோட்டுக்கு மேலே கட்டம் கட்டினார். நாலு மார்க் கணக்கு அது.

கடைசி பெஞ்சில் அவள் எழுந்தாள்.

"உக்காரு ஸ்பிரிங்," என்று பழக்கதோஷத்தில் வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் உட்காரவில்லை. "கட்டத்துல இருக்கற விடை தப்பு சார்."

சார் பார்த்தார். ஏழெட்டு ஐம்பத்துநாலு என்று போட்டிருந்தார். டெஸ்டில் அவளோடு சேர்த்து வகுப்பில் பாதிப் பேருக்குச் சரியான விடை வந்திருந்தது; அத்தனையையும் தப்பென்று அடித்திருந்தார். சார் கட்டம் கட்டியதை யாரும் கேட்டதில்லை.

வருகைப் பதிவேட்டில் இருந்த அவளுடைய பெயரை முழுதாகச் சொல்லிக் கூப்பிட்டு, ஸ்கேலைக் கையில் கொடுத்தார். அவள் அழித்தாள், சரியாக எழுதினாள், சுற்றிக் கட்டம் கட்டினாள். அந்த நாலு மார்க்கும் சேர்த்து அவளுக்கு நாற்பத்திரண்டு. கட்டம் கோணலாகத்தான் வந்தது. சார் கடைசி பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்து பார்த்தார். தெரிந்தது.