சர்க்கரை விளையாட்டு

ஊருக்கே அவள் அக்காதான். ஹோட்டல் மேனேஜரிலிருந்து வாசல் காவலாளி வரைக்கும், "அக்கா, இந்தக் கறை போகுமா?" என்றுதான் வந்து நிற்பார்கள். வயதில் அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். யார் கூப்பிட்டாலும் சிரித்த முகமாகத் திரும்புவாள். திரும்பிப் பார்த்த அடுத்த நொடி அந்தச் சிரிப்பு பாதியாகிவிடும். ஏன் என்று தெரிந்துகொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று.

நான் அவளோடு போர்வை மடித்தவள். பெரிய ஹோட்டல்களின் சலவைக் கூடத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், அதைக் கண்ணில் படாத இடத்தில்தான் வைப்பார்கள். கட்டடத்துக்கு அடியில், ஜன்னல் இல்லாத ஒரு கூடம். ஈரப் போர்வையைச் சூடான உருளைக்குள் விட்டால் மறுபக்கம் காய்ந்து, சுருக்கம் போய் வரும். அதை நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்து, உதறி, எதிரெதிராக நடந்து வந்து முனையோடு முனை சேர்ப்போம். ஒருத்தி கை தளர்ந்தால் மற்றவள் தடுமாறுவாள். நாள் முழுக்க இதே நடைதான். என் வீட்டுக்காரர் முகத்தைவிட அக்காவின் முகத்தைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். எனக்கு வாய் ஓயாது, அதனால் என்னை வாயாடி என்பாள். அவள் எனக்கு நேர்மாறு. வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாது.

போர் நடந்த காலத்தில் அவள் சிறுமி. அப்பா ரயிலேறிப் போனவர் திரும்பவில்லை. குண்டு விழுந்த அன்று அம்மாவும் போய்விட்டாள். மிச்சம் இருந்தது இவளும், நாலு வயதுத் தம்பியும்தான். யாரோ இரண்டு பேரையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த பிள்ளைகள் இல்லத்தில் விட்டார்கள். அந்த இல்லத்தை நடத்தியவளைப் பிள்ளைகள் எல்லோரும் 'பெரியம்மா' என்றுதான் கூப்பிட வேண்டும். அது அங்கே சட்டம். தம்பிக்குத் தலை முழுக்கப் பேன். வந்த அன்றே வழித்துவிட்டார்கள், மொட்டை என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது.

ஒரு நாள் பெரியம்மா இவளைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"உன் தம்பி எலும்பும் தோலுமா இருக்கான் பாரு. பெரிய மனுஷங்க பிள்ளைகளைப் பார்க்க வருவாங்க. சொந்தம்னு யாரும் இல்லாத பிள்ளைக்குத்தான் பாலும் முட்டையும் குடுக்கச் சொல்லிட்டுப் போவாங்க. அவனுக்கு நீதான் சொல்லிக் குடுக்கணும். உன் பேச்சைத்தான் கேக்கிறான்."

சொல்லிவிட்டு ஒரு சின்ன டப்பா சர்க்கரையையும் கையில் கொடுத்தாள். அந்தக் காலத்தில், அந்த இல்லத்தில், சர்க்கரை!

அக்கா தம்பியைத் துணி துவைக்கும் கல்மேல் உட்கார வைத்து, "உனக்கு யாரு இருக்கா?" என்று கேட்பாளாம். அவன் விரலை நீட்டி இவள் நெஞ்சைத் தொட்டு, "அக்கா" என்பானாம். அப்படிச் சொன்னால் சர்க்கரை கிடையாது. உதட்டைப் பிதுக்கி அழுவான். மறுபடியும் கேட்பாள். "யாரும் இல்ல" என்று சொல்கிற வரைக்கும் விடமாட்டாள். சொன்னதும் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை.

"அந்தத் திருட்டுப் பய கடைசியில என்ன பண்ணான் தெரியுமா வாயாடி?" போர்வையைப் பிடித்தபடி சிரிப்பாள். "நான் கேக்கவே வேண்டாம். தூங்கி எழுந்ததும் ஓடி வந்து, யாரும் இல்ல யாரும் இல்லன்னு கையை நீட்டுவான்."

"நீ கொஞ்சம் தின்னுப் பார்த்தியா?"

"ச்சே! அது அவனுக்குக் குடுத்தது."

பிறகு அவளை ஊசி நூல் வேலை பழகுவதற்கென்று வேறு கட்டடத்துக்கு அனுப்பினார்கள். சில நாள் கழித்துத் திரும்பி வந்தபோது தம்பியின் பாய் சுருட்டி வைத்திருந்தது. தொற்றுக் காய்ச்சல், ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டான், உடம்பைக்கூடத் தரமாட்டார்கள் என்று சொன்ன பெரியம்மா, இவளை மடியில் போட்டுக்கொண்டு தலையைக் கோதிவிட்டாளாம். அவன் போட்டிருந்த சட்டையைக் கொண்டு வந்து கையில் கொடுத்தாளாம்.

அந்த மடிக்காகத்தான் அக்கா ஆயுள் முழுக்க உழைத்தாள். பெரியவளாகும் வரை இல்லத்துத் துணி முழுவதையும் துவைத்தாள். அவளுக்குச் சம்பளம் என்று ஒன்று இருக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவளுக்கே தோன்றவில்லை. கல்யாணப் பேச்சு ஒன்று வந்தபோது, "உனக்கெதுக்குடி அதெல்லாம்? நான் இருக்கேன்ல" என்றாளாம் பெரியம்மா. இல்லத்தை மூடிய பிறகு அக்கா ஹோட்டலில் வேலைக்குச் சேர்ந்தாள். அப்போதும் லீவு நாள் தவறாமல் பெரியம்மா வீட்டுக்குப் போய்த் துணி துவைத்து, இஸ்திரி போட்டு, அடுக்கி வைத்துவிட்டு வருவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அந்தம்மா உனக்கு என்ன குடுக்குது?"

"பெத்தவகிட்ட யாராவது கூலி கேப்பாங்களா? பெரியம்மா மட்டும் இல்லேன்னா நான் அன்னைக்கே செத்திருப்பேன்."

இதற்கு மேல் அவளிடம் என்ன பேசுவது? தம்பியின் சட்டையைப் பெட்டியில் வைத்திருந்தாள். துணி நைந்துவிடக் கூடாதென்று வருஷத்துக்கு ஒரு தடவைதான் துவைப்பாள். அதைத் துவைக்கிற அன்று அவளிடம் யாரும் பேச முடியாது. நான்கூட வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

ஒரு லீவு நாள், பெரியம்மா வீட்டுத் திரைச்சீலைகளை மடிக்க இன்னொரு ஆள் வேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். மாடி வைத்த வீடு. அனாதைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவளுக்கு இவ்வளவு பெரிய வீடு எங்கிருந்து வந்தது என்று வாய் வரைக்கும் வந்தது, அக்காவுக்காக விழுங்கிக்கொண்டேன். பெரியம்மா சாய்வு நாற்காலியில் இருந்தாள். உடம்பு வற்றியிருந்தாலும் கண் மட்டும் எல்லாவற்றையும் அளந்துகொண்டிருந்தது. அக்கா இஸ்திரியைப் பாதியில் நிறுத்திவிட்டு வர, நாங்கள் கூடத்தில் நின்று மடித்துக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது.

வந்தவருக்கு வயது ஐம்பதுக்குக் கிட்ட இருக்கும். நல்ல கோட்டு, கையில் பழக்கூடை, தலையில் மருந்துக்கும் முடி இல்லை. வெயிலில் வந்ததில் மண்டை பளபளத்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அக்கா முறைத்தாள்.

"நான் உங்க இல்லத்துலேருந்து போன பிள்ளை," என்றார் அவர் பெரியம்மாவிடம். வெளிநாட்டில் வளர்ந்தவர்களின் பேச்சு, ஒவ்வொரு வார்த்தையும் கொஞ்சம் தயங்கியே வந்தது. "என்னை வளர்த்த அம்மா போன மாசம் தவறிட்டாங்க. சாகப்போற நேரத்துலதான் எங்கேருந்து எடுத்தோம்னு சொன்னாங்க. அப்பா கப்பல் கம்பெனியில இருந்தவர்..."

"தெரியும், தெரியும். கப்பல்காரர் வீட்டுப் பிள்ளைதானே? உட்காரு ராசா," என்றாள் பெரியம்மா. உடனே அக்காவின் பக்கம் திரும்பினாள். "நீ போய் டீ போடு."

அக்கா உள்ளே போனாள். நான் திரைச்சீலையோடு நின்றேன். என்னை ஒரு ஆளாகவே பெரியம்மா மதிக்கவில்லை.

"எனக்குன்னு யாராவது இருந்தாங்களா? இப்பவாவது இருக்காங்களா? அதைத் தெரிஞ்சுக்கத்தான் வந்தேன்," என்றார் அவர்.

"யாரும் இல்லப்பா. அனாதையாத்தான் வந்தே. நல்ல இடமாப் பார்த்துக் குடுத்தேன், இன்னைக்கு ராஜாவாட்டம் இருக்கே." வாய் கூசவில்லை அவளுக்கு!

அவர் பழக்கூடையைத் தரையில் வைத்தார். அக்கா டீத் தட்டோடு வந்து சமையலறை வாசலில் நின்றபோதுதான் மறுபடி பேசினார்.

"ஒண்ணு மட்டும் ஞாபகத்துல இருக்கும்மா. கனவான்னுகூடத் தெரியல. ஒரு பொண்ணு. என்னை ஒரு கல்லு மேல உட்கார வச்சு, உனக்கு யாரு இருக்கான்னு கேக்கும். யாரும் இல்லன்னு சொன்னா கையில சர்க்கரை போடும். அது யாரு?"

"அங்க இருந்த ஆயா எவளாவது இருக்கும்," என்றாள் பெரியம்மா. குத்துக்கல்லு மாதிரி கூடப்பிறந்தவள் அங்கேயே நிற்கிறாள், அவளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

தட்டு கீழே விழும் என்று நினைத்தேன். அக்கா அதை மேஜைமேல் அலுங்காமல் வைத்தாள். சர்க்கரைக் கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"உனக்கு யாரு இருக்கா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். கை தானாக நீண்டது.

"யாரும் இல்ல."

அந்த ஆளின் குரலே இல்லை அது. நாலு வயதுப் பிள்ளையின் குரல். சொல்லி முடித்ததும் அவருக்கே அது உறைத்துவிட்டது.

"தப்புடா மொட்டை," என்றாள் அக்கா. "நான் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன்டா. அக்கா இருக்கா. எங்க, சொல்லு."

அவர், சின்னப் பிள்ளையில் செய்தது போலவே விரலை நீட்டி அவள் நெஞ்சைத் தொட்டார். கரண்டிச் சர்க்கரை முழுக்கத் தரையில் கொட்டிப்போயிற்று. இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுத அழுகையை நான் எழுதப்போவதில்லை.

அழுது ஓய்ந்து அக்கா பெரியம்மாவைப் பார்த்தாள். நானாக இருந்தால் குடுமியைப் பிடித்திருப்பேன். அவள் கேட்டது இவ்வளவுதான்.

"அந்தச் சட்டை?"

"புதுச் சட்டை போட்டுத்தான் அனுப்பணும்னு அவங்க கொண்டு வந்திருந்தாங்க. பழசு கிடந்தது," என்றாள் பெரியம்மா, சள்ளென்று. "இப்ப என்ன கெட்டுப்போச்சு? அக்கா இருக்கிற பிள்ளைய யாரு எடுப்பா? ரெண்டையும் எடுங்கன்னா ஓடியே போயிடுவாங்க. அவங்க குடுத்ததை வச்சுத்தானே உங்க எல்லாருக்கும் கஞ்சி ஊத்தினேன்?"

"அடிப்பாவி! கஞ்சி ஊத்தினியா, வீடு கட்டினியா?" என்று கத்தியது நான்தான்.

அக்கா என் கையைப் பிடித்து அடக்கினாள். "உங்க மடியிலதானே பெரியம்மா அழுதேன். அப்ப உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா?"

"சின்னப் பிள்ளைதானே, நீ மறந்துடுவேன்னு நினைச்சேன்."

இதைக் கேட்டதும் அக்கா இஸ்திரிப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள். பெரியம்மாவின் சட்டை பாதி இஸ்திரியோடு மேஜைமேல் கிடந்தது. நாங்கள் மூன்று பேரும் வெளியே வந்துவிட்டோம்.

தம்பி கிடைத்துவிட்டான், எல்லாம் சரியாகிவிட்டது என்று முடித்துவிடலாம்தான். ஆனால் அப்படி இல்லை. அவர் பத்து நாள் தங்கியிருந்தார். தினமும் சலவைக் கூடத்து வாசலில் வந்து காத்திருப்பார். ஹோட்டலுக்குப் பின்னால் இருந்த பெஞ்சில் இருவரும் உட்காருவார்கள். அவருக்கு இரண்டு பெண்கள், ஒரு பேரன். அக்காவுக்கு அவர்கள் போட்டோதான். இவள் அவர் பல் முளைத்ததைச் சொல்வாள், அவர் தன் கம்பெனியைப் பற்றிச் சொல்வார். நடுவில் ஒரு வாழ்க்கை காணாமல் போயிருக்கிறதே, அதை யார் கொண்டு வந்து கொடுப்பது? கிளம்புகிற அன்று அந்தச் சட்டையை அவரிடம் கொடுத்தாள். அவர் அதை விரித்துத் தன் நெஞ்சில் வைத்துப் பார்த்தார், அது அவர் உள்ளங்கை இரண்டையும் மறைக்கத்தான் காணும். இப்போது வாரம் தவறாமல் போன் செய்கிறார். 'அக்கா' என்றுதான் கூப்பிடுகிறார், ஆனால் ஒவ்வொரு தடவையும் பரீட்சை எழுதுகிற மாதிரி யோசித்துத்தான் சொல்கிறாராம்.

"அவங்க என்னை ஏமாத்தினது கிடக்கட்டும் வாயாடி," என்றாள் ஒரு நாள். "ஏமாந்தது என் புத்தி. ஆனா அவன் என்னைத்தானே தொட்டுக் காட்டினான்? அக்கா, அக்கான்னு அழுதானே. இல்லடா, யாரும் இல்லன்னு சொல்லுன்னு என்னையே சொல்ல வச்சுட்டாங்களே. பால் கிடைக்கும்னு நம்பி எவ்வளவு ஆசையாச் சொல்லிக் குடுத்தேன். யாரு அக்கான்னு கூப்பிட்டாலும் அவன் குரலோன்னுதான் இத்தனை வருஷமும் திரும்பினேன்." போர்வையின் முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அந்தப் போர்வையை மறுபடி துவைக்கப் போட்டோம்.

ஒரு மாதம் போயிருக்கும். பெரியம்மா வீட்டுச் சமையல்காரி எங்கள் கூடத்துக்கு வந்தாள். படி இறங்கி வந்ததில் மூச்சு வாங்கியது. நாங்கள் கை நிறையப் போர்வையோடு நின்றோம்.

"பெரியம்மா படுக்கையில விழுந்துட்டாங்கக்கா. துணியெல்லாம் மலையாக் குவிஞ்சு கிடக்கு. உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருக்காங்க. வந்து ஒரு எட்டுப் பார்த்துட்டுப் போயேன். உன்னை விட்டா அவங்களுக்கு யாரு இருக்கா?"

அக்கா போர்வையை ஓங்கி உதறினாள். என் பக்கம் நடந்து வந்து முனையோடு முனையைச் சேர்த்தாள். கையை எடுக்கவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை.

"யாரும் இல்ல," என்றாள். அடுத்த போர்வையை எடுத்தாள்.