‘ஐட்’டுக்குள் இருந்த ‘இஃப்’

போன வாரம் நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலைக்குப் போகிற பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒருவர் ரப்பர் ஷீட் கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த வாசனை தெரியாதவர்களுக்கு அதை விளக்குவது கஷ்டம். புளித்த பாலும் விறகுப் புகையும் ஈரச் செருப்பும் சேர்ந்த மாதிரி இருக்கும். பக்கத்தில் இருந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். எனக்கு என்னவோ மூக்கைப் பொத்தத் தோன்றவில்லை. குன்னத்துகாலில் ஒரு வீட்டின் முன்னறையும், மேஜைமேல் வைத்த ஒரு செல்போனும், அதைச் சுற்றிக் குனிந்திருந்த தலைகளும் ஞாபகத்துக்கு வந்தன.

அப்போது நான் கேரள எல்லைக்குள் இருக்கிற பாறசாலையில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் நர்ஸுகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கீழே பேக்கரி. முட்டை பப்ஸ் வேகும் மணம் மேலே வந்துவிட்டால் அன்றைய பாடம் அதோடு முடிந்தது. வெளிநாட்டு வேலைக்கான பரீட்சையில், காதால் கேட்டு எழுதுகிற பகுதி என் பொறுப்பு. வெள்ளைக்காரர்களோடு நான் நேரில் பேசிய அனுபவம் என்று பார்த்தால், கோட்டுகால் பக்கம் கடற்கரைக்கு வழி கேட்ட ஒரு தம்பதிக்கு, இடது என்று வாயால் சொல்லி வலது பக்கம் கைகாட்டியதுதான். நல்லவேளை, அது மாணவிகளுக்குத் தெரியாது.

அவர்கள் ஆங்கிலத்தை முழுதாக நம்பியதே இல்லை. குறிப்பாக ‘ஐட்’ என்ற அந்தச் சின்னச் சத்தத்தை. ‘ஐ ஹாட்’ சுருங்கினாலும் ‘ஐட்’, ‘ஐ வுட்’ சுருங்கினாலும் ‘ஐட்’. ஒன்று நடந்து முடிந்தது, மற்றது நடந்தாலும் நடக்கலாம் என்பது. “ஒரே சத்தத்துக்கு ரெண்டு அர்த்தமா? இது ஆளை ஏமாத்துத வேலை ஆக்கும் டீச்சரே” என்று ஒருத்தி வகுப்பிலேயே எழுந்து சொன்னாள். ‘வுட்’ வந்தால் பக்கத்தில் எங்கேயாவது ஓர் ‘இஃப்’ இருக்கும், வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் இருக்கும் என்று நான் விளக்கினேன். நாம் ‘மழை பெய்யாட்டா வாறேன்’ என்றால் நிபந்தனை பளிச்சென்று காதில் விழுகிறது. வெள்ளைக்காரர்களோ பாதியை விழுங்கிவிட்டு, மீதியைப் பல்லுக்குள் வைத்துக்கொள்கிறார்கள்.

இதையெல்லாம் கடைசி பெஞ்சில், ஜன்னலோரம் இருந்து எழுதிக்கொள்கிற பெண்தான் ஷீபா. நெய்யாற்றின்கரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பா செல்லப்பனுக்குக் குன்னத்துகாலில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கிற கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. தலைமுடியில் அந்த நாற்றம் ஏறிவிடுகிறது என்றுதான் அவள் ஜன்னலோரத்தை விடுவதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செல்லப்பன் ஸ்கூட்டரில் வந்து மாடிப்படிக்குக் கீழே நின்றார். “டீச்சர் ஒண்ணு வீடு வரைக்கும் வரணும். ஒரு இங்கிலீஷ் காரியம்” என்றார். பரீட்சைக் கட்டணம் பற்றி ஏதோ சண்டைக்குத்தான் கூட்டிப்போகிறார் என்று நான் சந்தேகப்பட்டேன்.

விஷயம் வேறு. ஷீபாவுக்கு ஒரு சம்பந்தம் கூடி வந்திருந்தது. பையன் பிரவீண், நெய்யாற்றின்கரைக் குடும்பம், இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்தவன். பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று இங்கிருக்கிற அவனுடைய சித்தி கேட்க, அவன் ஒரு குரல் செய்தி அனுப்பியிருக்கிறான். சித்தி சந்தோஷத்தில் அதை அப்படியே இந்த வீட்டுக்கும் அனுப்பிவிட்டாள். ஷீபாவின் தாய்மாமன் சுகுமாரன் அதைக் கேட்டதிலிருந்துதான் வீடு இந்தக் கோலம். வளைகுடாவில் ஸ்டோர் கீப்பராக இருந்து திரும்பியவர் அவர். சொந்த வீட்டுப் பாலையும் விரலில் தொட்டுப் பார்க்காமல் குடிக்கமாட்டார்.

“கேளுங்க டீச்சரே. ‘ஐட் மேரீட் ஹர்’னு தெளிவாட்டு சொல்லுதான். ஐ ஹாட் மேரீட் ஹர். கெட்டியாச்சு! நம்ம பிள்ளையை இன்னும் கெட்டலியே. அப்போ அந்த ஹர் யாருக்க ஹர்?”

ஷீபாவின் அம்மாவும் சேர்ந்துகொண்டாள். “எனக்கு அப்பவே சந்தேகம் உண்டு. போட்டோல ஒரு கையைப் பாக்கெட்டுக்குள்ள வச்சிட்டுல்லா நிக்கான். மோதிரம் கிடக்கும்.”

ஃபேனை நிறுத்தினார்கள். கோழியை விரட்டினார்கள். நான் போனைக் காதோடு ஒட்டிவைத்து மறுபடி மறுபடி கேட்டேன். ‘ஷி சீம்ஸ் நைஸ். ஐட் மேரி ஹர், யா.’ மேரிதான், மேரீட் இல்லை. அப்படியென்றால் வுட். “நான் அவளைக் கெட்டிக்கிடுவேன்னுதான் சொல்லுதாரு” என்றேன்.

அறையே மூச்சு விட்டது. அம்மா ஏத்தங்காய் வறுவலும் சாயாவும் கொண்டுவந்து வைத்தாள். சுகுமாரன் மட்டும் சாயா கிளாஸை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

அடுக்களை வாசலில் நின்றிருந்த ஷீபா கேட்டாள். “டீச்சர், வுட் வந்தா இஃப் இருக்கும்னு சொன்னியளே. இதுல இஃப் எங்க?”

அது மரியாதைக்காகச் சொல்வது, பல நேரம் இஃப்பே கிடையாது என்று எதையோ சொல்லிச் சமாளித்தேன். ஆனால் வார்த்தை விழுந்தாயிற்று. ஆளுக்கொரு இஃப் முளைத்தது. “கார் ஆக்கும். கார் குடுத்தா கெட்டுவான்” என்றார் சுகுமாரன். இவள் பரீட்சை பாஸானால் என்று இருக்கும் என்றாள் அம்மா. செல்லப்பன் தன் சட்டைக் கையை முகர்ந்து பார்த்துவிட்டு, “எனக்க கடை நாத்தம் அங்க வரைக்கும் எட்டியிருக்குமோ” என்றார்.

ஷீபா மேஜையில் இருந்த போனை எடுத்துப் பிரவீணைக் கூப்பிட்டாள். முன்பே ஓரிரு தடவை அவனோடு பேசியிருக்கிறாள். “ஸ்பீக்கர்ல போடு மக்கா” என்றார் மாமா. போட்டாள்.

பரீட்சையில் பேசுவது போல நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். “யூ செட், ஐட் மேரி ஹர். இஃப் வாட்?”

“சாரி?”

“இஃப் வாட், பிரவீண்?”

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் வைக்கிற சத்தம். பிறகு அவன், எதையும் சுருக்காமல், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். “இஃப் ஐ ஹாட் டு.”

வேறு வழியில்லை என்று வந்தால். அவ்வளவுதான் அந்த இஃப். பிறகு வீட்டில் பழகிய மலையாளத்தில், “எனிக்கு இவிடே ஒராளுண்டு. அம்மயோடு பறயான் பேடியா” என்றான். அவனுக்கு அங்கே ஒருத்தி இருக்கிறாள். அம்மாவிடம் சொல்லப் பயம். குரல் சின்னப் பையன் குரல் மாதிரி ஆகியிருந்தது.

“பேடிக்காண்டாம்” என்றாள் ஷீபா. “இந்த வீட்ல எல்லாரும் கேட்டாச்சு. அந்த வீட்ல நீங்க சொல்லுங்க.” போனை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. அழுத சத்தமும் கேட்கவில்லை.

முதலில் பேசியவர் சுகுமாரன். “அந்தப் பய கள்ளன் இல்ல கேட்டியளா. கேட்டதும் சொல்லிட்டானே” என்றார். அவர் ஒருவரை நம்பி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அம்மாவின் சந்தேகமோ, பையனை விட்டு என்மேல் வந்து நின்றது. “ஒண்ணுமில்லேன்னு சொன்னியளே, அதோட எந்திரிச்சுப் போயிருந்தா எனக்க பிள்ளைக்கு இந்நேரம் கல்யாணம் உறச்சிருக்கும். அந்த இஃப்பை அவளுக்குச் சொல்லிக்குடுத்தது யாரு? நீங்கதானே?” இந்த வாக்கியத்தில் நிபந்தனையும் விளைவும் எந்தக் காதுக்கும் தப்பாது. நான் பாதி சாயாவோடு எழுந்துகொண்டேன்.

செல்லப்பன் என்னை ஸ்டேஷன் முக்கில் இறக்கிவிட்டு, ஸ்கூட்டரை நிறுத்தாமலே சொன்னார். “அவ கேட்டது நல்லதாப் போச்சு டீச்சரே. வீட்ல நான் அப்படிச் சொல்லமாட்டேன். நீங்க தெரிஞ்சுக்கணும்.”

ஷீபா அந்தப் பரீட்சையில் பாஸாகி அயர்லாந்துக்குப் போனாள். அங்கே கூட வேலை பார்த்த, நம்ம பக்கத்துத் திருப்புறம் ஊர்க்காரன் ஒருவனைத் தானே விரும்பிக் கட்டிக்கொண்டாள். குழந்தையின் படமெல்லாம் எனக்கு அனுப்புவாள். அம்மா மட்டும் மனம் மாறவில்லை. பாறசாலைச் சந்தையில் என்னைத் தூரத்தில் கண்டாலே, பேசிக்கொண்டிருந்த பேரத்தைப் பாதியில் விட்டுவிட்டு, கூடையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, முகத்தைத் திருப்பியபடி எதிர்வரிசைக்குப் போய்விடுவாள். மரச்சீனிக் கிழங்கு விற்கிறவளுக்கே அது பழகிவிட்டது. “ஒங்க ஆளு வருது டீச்சரே” என்று எனக்கு முன்கூட்டியே சொல்வாள்.

நான் பாடம் எடுத்த மாடியை இடித்துவிட்டார்கள். பிள்ளைகள் இப்போது போனிலேயே படித்துக்கொள்கிறார்கள். செல்லப்பன் போய்ச் சேர்ந்தார், கடையும் போயிற்று. போன மழைக்காலத்தில் ஷீபா வந்து அம்மாவைத் தன்னோடு கூட்டிப்போய்விட்டாள். என்னிடம் சொல்லிக்கொள்ள ஷீபா வந்தாள். அம்மா காரிலேயே இருந்துவிட்டாள், கண்ணாடியை இறக்கவில்லை. சந்தைக்கு நான் இப்போதும் போகிறேன். என்னைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளத்தான் அங்கே யாரும் இல்லை.