உள்ளங்கைக் கற்பூரம்

இரண்டாயிரமாம் ஆண்டு கழிந்து சில வருடங்கள் இருக்கும். ஒஸ்லோவில் பனி கொட்டிய ஒரு மாசி மாதம், அப்பாவின் உடலைத் தகனம் செய்யும் மண்டபத்தில் நின்றோம். நான் ஒரே பிள்ளை. "கொள்ளி நீதான் வைக்கவேணும்" என்று அப்பா ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக் கேட்டிருந்தார். இங்கே கொள்ளி என்றால், பெட்டிக்குக் கற்பூரம் காட்டிவிட்டு, அதை உலைக்குள் அனுப்பும் பொத்தானை அழுத்துவதுதான்.

அதற்கே இரண்டு பக்கமும் மறிப்பு. பெண்பிள்ளை செய்யக் கூடாது, சித்தப்பாவின் மகன் செய்யட்டும் என்றார் ஐயர். உள்ளே நெருப்புக் கொளுத்தினால் அலாரம் அடிக்கும், தீயணைப்பு வண்டி வரும், எல்லாம் நின்றுபோகும் என்றார் மண்டபத்து நோர்வே அதிகாரி. கற்பூரத் தட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார். அடுத்த செத்தவீட்டுக்காரர் வேறு வெளியே காத்து நின்றார்கள். அம்மாவுக்கு நோர்வே பாஷை தெரியாது. நடுவில் நின்று நான்தான் மொழிபெயர்த்தேன். அப்பாவைப் பாதியில் விட்டுவிட்டுப் போகவேண்டி வருமோ என்று பயம்.

அம்மா குரலை உயர்த்தாமல் ஐயரிடம் கேட்டார். "அவர் வருத்தமாக் கிடக்கேக்கை மலசலம் அள்ளினது இவள். கொள்ளிக்கு மட்டும் வேறை ஆளோ?"

"சாத்திரத்திலை இடமில்லை அம்மா. அப்பிடியெண்டால் நான் நிக்கேலாது."

"ஓம் ஐயா. நீங்கள் போங்கோ."

ஐயர் பையைத் தூக்கிக்கொண்டு போயே விட்டார். சனம் குசுகுசுத்தது. அம்மா என் பக்கம் திரும்பினார். "நான் கொளுத்தப்போறன் எண்டு அந்த அதிகாரியிட்டைச் சொல்லு."

"வேண்டாம் அம்மா, இஞ்சை சட்டம். பொலிஸ் வரும்" என்று கெஞ்சினேன்.

அம்மா காத்திருக்கவில்லை. சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த கற்பூரத்தைத் தன் உள்ளங்கையில் வைத்து நெருப்புக்குச்சியை உரசினார். அதிகாரி ஓடி வந்தார். அம்மா அவரைப் பார்க்கவேயில்லை. எரியும் கட்டியை என் உள்ளங்கையில் சரித்து, "காட்டு பிள்ளை" என்றார்.

அதிகாரி என் கையைப் பார்த்தபடி நின்றுவிட்டார். பிறகு கூரையிலிருந்த அலாரத்தை அண்ணாந்து பார்த்தார். மெல்லப் போய்ப் பக்கக் கதவைத் திறந்துவிட்டார். குளிர்காற்று உள்ளே வந்தது. கை எரிய எரிய மூன்று முறை சுற்றிக் காட்டினேன். அலாரம் அடிக்கவில்லை. பொத்தானை அழுத்தினேன். அப்பா போனார்.

அதன்பின் ஐயர் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையையும் நாங்களே செய்தோம். நான் இன்றும் பயந்த சுபாவக்காரிதான். வேலை செய்யும் கந்தோரிலோ கோயிலிலோ யாராவது "கூடாது" என்றால் உடனே தலையாட்டப் போவேன். அந்த நேரம் இந்த உள்ளங்கை சுடும், "ஏன்?" என்று கேட்டுவிடுவேன்.