பத்து நாள் துவைக்காத விரிப்பு

கஞ்சியக்காவின் கைகள் விரிப்பின் மூலைகளை மெத்தைக்கடியில் செருகிக்கொண்டிருந்தன. நாய் படுக்கிற சின்ன மெத்தைதான். ஆனாலும் நோயாளியின் கட்டிலுக்குப் போடுவதுபோல ஒரு சுருக்கம் விழாமல் இழுத்துச் செருகினாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு இருபத்தாறு வருஷ வேலை. விரிப்புக்குப் போடும் கஞ்சியைத் தன் முதுகுக்கும் போட்டுக்கொண்டவள் என்று கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் அது.

செவலை அந்த மெத்தையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நாய்கள் காப்பகத்திலிருந்து அது வந்து மூன்று வாரம் ஆகிறது. கதவைச் சாத்தினால் நடுங்கும். பாத்திரம் விழுந்தால் நின்ற இடத்திலேயே ஈரமாக்கிவிடும். வேளைக்குச் சாப்பாடு வைப்பது அக்கா. மாத்திரையைச் சாப்பாட்டுக்குள் ஒளித்துக் கொடுப்பது அக்கா. வேலை முடிந்து கால் கடுக்க வந்தாலும் அதைத் தெருமுனைவரை நடத்திக்கொண்டு போவதும் அவள்தான். வீடு திரும்பியதும் அது நேராக ஓடிப் போய்ச் சுருண்டுகொள்வது மட்டும் நாத்தனாரின் சோபா ஓரத்தில்.

நாத்தனார், காலமாகிவிட்ட கணவரின் தங்கை. தன் புது வீட்டுக்குப் பெயின்ட் அடித்து முடியும்வரை தங்க வந்தவள். பெயின்ட் முடிகிற வழியாக இல்லை. சோபாவில் படுத்தபடி டிவி பார்ப்பாள், பிஸ்கட் தூளை உதிர்ப்பாள். குளிர் தொடங்கியதிலிருந்து தண்ணீரையே பார்க்காத ஒரு பச்சை ஸ்வெட்டர் அவளிடம் இருந்தது. அதன் கை சோபாவிலிருந்து தொங்கும். செவலை அதில் மூக்கைப் புதைத்துக் குறட்டை விடும்.

"நான் ஒண்ணுமே செய்யலை அண்ணி. அதுவா வந்து ஒட்டிக்குது" என்பாள் நாத்தனார்.

ஒன்றுமே செய்யவில்லை என்பதுதான் அக்காவின் வயிற்றை எரித்தது. ஏதாவது செய்து வாங்கிக்கொண்டிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் நாத்தனார் பிஸ்கட்டை மென்றபடியே சொன்னாள். "வீடு மாறும்போது இதையும் நானே கூட்டிட்டுப் போயிடறேன். உங்களுக்கும் வேலை மிச்சம்."

அக்கா அழுக்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்புறம் போனாள். அன்று துணி துவைக்கிற கல்லில் விழுந்த அடியெல்லாம் வேறொருத்திக்கு விழவேண்டியவை.

சனிக்கிழமை காப்பகத்துப் பெண் பார்க்க வந்தாள். நாயை யார் பெயரில் பதிவது என்று முடிவுசெய்வது அவள் பொறுப்பு. அது யாரோடு ஒட்டியிருக்கிறதோ அவர் பெயரில் எழுதிவிடலாமே என்று நாத்தனார் முந்திக்கொண்டாள். அந்தப் பெண் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பின்புறக் கொடியருகே நின்றாள். நாய்க்கான விரிப்புகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன.

"இதை எத்தனை நாளைக்கு ஒருதடவை துவைக்கிறீங்க?"

"தினமும்தான்" என்றாள் அக்கா, தலை நிமிர்ந்து. "வெந்நீர்ல, மருந்து போட்டு. எங்க வார்டுலகூட இவ்வளவு சுத்தம் கிடையாது."

"வந்த புதுசுல இதுல படுத்துச்சா?"

"ரெண்டு நாள் படுத்துச்சு."

"அதுக்கு அதோட வாசனை இருக்கிற இடம்தாம்மா வீடு. நீங்க தினமும் வீட்டையே அலசி ஊத்திடறீங்க. போதாததுக்கு மருந்து வாசனை வேற. ஊசி போட வர்றாங்கன்னு நினைச்சுக்கும்."

அக்காவின் காது சிவந்துவிட்டது. பத்து நாளைக்கு எதையும் துவைக்காமல், அக்கா உடுத்திக் கழற்றிய ஏதாவது ஒன்றை மெத்தையில் போட்டுவைக்கச் சொன்னாள் அந்தப் பெண். பத்து நாள் முடிந்த மறுநாள் வந்து பதிவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

"அண்ணியாவது, துவைக்காம இருக்கிறதாவது" என்று நாத்தனார் சோபாவில் உருண்டு சிரித்தாள்.

அக்கா தன் வேலைச் சட்டையை, வியர்வை காயும் முன்பே, மெத்தையில் போட்டாள். மறுநாளிலிருந்தே கை நமநமத்தது. நான்காம் நாள் வாளியில் வெந்நீர்கூடப் பிடித்துவிட்டாள். பிறகு அதில் தன் காலைக் கழுவிக்கொண்டாள். ஐந்தாம் நாள் செவலை மெத்தையை மோந்து பார்த்தது. எட்டாம் நாள் முன்னங்கால் இரண்டை மட்டும் வைத்துப் பார்த்தது. பத்தாம் நாள் சாயங்காலம் சோபா ஓரத்திலிருந்து எழுந்து வந்து, மெத்தைமேல் மூன்று சுற்றுச் சுற்றி, சட்டையின் அக்குளில் மூக்கைச் செருகிப் படுத்துவிட்டது.

நாத்தனார் ஸ்வெட்டர் கையை ஆட்டிக் கூப்பிட்டாள். செவலை வாலை ஒருமுறை தட்டியது. எழுந்திருக்கவில்லை.

"தூங்குது. கூப்பிடாதே" என்றாள் அக்கா.

மறுநாள் காலை பத்து மணிக்குக் காப்பகத்துப் பெண் வருவதாக இருந்தது. நாத்தனார் ஏழு மணிக்குக் குளிக்கப் போனாள். அக்கா சோபாவிலிருந்து பச்சை ஸ்வெட்டரை எடுத்தாள். வெந்நீரில் ஊறவைத்து, மருந்தை ஒரு மூடிக்குப் பதில் மூன்று மூடி ஊற்றி, இரண்டுமுறை அலசிப் பிழிந்து, கொடியில் நன்றாக வெயில் படுகிற பக்கமாகக் காயப்போட்டாள். செவலையின் விரிப்பு முடியும் அழுக்குமாக அப்படியே கிடந்தது.