சித்தி கொடுத்த குழந்தை

அன்று என் சித்தி தன் குழந்தையை மாமியாரிடம் கொடுத்தாளா, அல்லது அவள் கை விட்டுவிட்டதா? பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்தான். ஆனாலும் இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அப்போது எனக்கு எட்டு வயது. பெங்களூர் மல்லேஸ்வரத்தில் இருந்தோம். தாயில்லாத சித்தியைப் பிரசவத்துக்கு என் அம்மாதான் அழைத்து வந்திருந்தாள். அத்திபெலேயில் புளி வியாபாரம் செய்யும் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் அவள். கல்யாணமான மறு வருஷமே விரல் கணுக்கள் வீங்கிவிட்டன. குடம் தூக்க முடியவில்லை, மாவாட்ட முடியவில்லை என்றதில், சோம்பேறி மருமகள் என்று அங்கே பெயர் வாங்கியிருந்தாள். ஆனால் கர்ப்பமானதும் வீக்கம் வற்றியது. எங்கள் வீட்டுக்கு வந்தவள் எனக்குத் தலை பின்னினாள். மத்தியானமெல்லாம் என்னோடு அஞ்சாங்கல் ஆடி, கல்லை உயர வீசிப் பிடித்து என்னைத் தோற்கடித்தாள். வயிற்றுப் பிள்ளையின் ராசி என்று எல்லோரும் சொன்னார்கள்.

பிள்ளை பிறந்தான். சில வாரங்களில் வலி திரும்பி வந்தது, முன்பு இருந்ததைவிட மோசமாக. காலையில் விரல்கள் மடங்கா. நாளாக ஆக அவை ஒரு பக்கமாகச் சாயவும் தொடங்கின. குழாயைத் திருக, தாழ்ப்பாளை இழுக்க, குழந்தையின் ஈரத்துணியைப் பிழிய என்னைக் கூப்பிடுவாள். லேடி டாக்டர் கொடுத்த மருந்தில் காது இரைந்ததே தவிர கை மடங்கவில்லை. குழந்தையை மட்டும் அவளே எடுப்பாள். விரல்களை நம்பாமல், முழங்கைகளை விலாவோடு ஒட்டி, முன்கைகளை அவன் அடியில் செலுத்தி, தாம்பாளம் ஏந்துவது போல எடுப்பாள். எனக்கு அது வேடிக்கை. பொம்மையை வைத்துக்கொண்டு நானும் அப்படியே நடந்து காட்டுவேன்.

ஐந்தாம் மாதம் தாயையும் பிள்ளையையும் அழைத்துப்போக மாமியார் வந்தாள். கை விஷயம் தெரிந்தால் பிள்ளையை மட்டும் கொண்டுபோய்விடுவாள் என்று அம்மாவுக்குப் பயம். முன்கூட்டியே திட்டம் போட்டுவிட்டாள். சித்தி மடியில் குழந்தையோடு உட்கார்ந்தே இருக்க வேண்டும். முந்தானை கையை மூடியிருக்க வேண்டும். சித்தி எல்லார் முன்னாலும் டம்ளரைப் பிடிக்க நேராதபடி நான் பார்த்துக்கொள்ள வேண்டும். என் பங்கை நான் சிரத்தையாகச் செய்தேன். அவளுக்கு வந்த காபியை நானே குடித்துத் தீர்த்தேன்.

மாமியார் டம்ளரைக் கீழே வைத்தாள். "என்ன பொண்ணே, வந்தவங்களை எழுந்து வாங்கன்னுகூடச் சொல்லாம குந்தினபடியே இருக்கே? எழுந்து வா, என் பேரனைக் காட்டு."

"தூங்கறான் சம்பந்தியம்மா" என்றாள் அம்மா.

"தூங்கினா என்ன? அப்பன் மூஞ்சிதானான்னு வெளிச்சத்துல பாக்கறேன். கொண்டாம்மா."

சித்தி எழுந்தாள். முன்கைகளில் குழந்தையை ஏந்தி ஜன்னல்வரை வந்துவிட்டாள். அங்கே முந்தானை நழுவியது. மாமியார் அந்த விரல்களைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. மெல்ல இரண்டு கைகளையும் நீட்டினாள். சித்தியின் கைகள் ஒரு கணம் தாழ்ந்தன. குழந்தை மாமியாரிடம் போய்விட்டது.

"அவளே குடுத்துட்டா, பாத்தீங்களா சம்பந்தி?" என்றாள் மாமியார், குரல் தழைய. "கை நல்லாகட்டும், அப்புறம் வரட்டும். வீட்டுல ரெண்டு மாடு கறக்குது. அதுவரைக்கும் இவன் எங்கிட்ட இருக்கட்டும்."

மாமியாரும் குழந்தையும் ஏறிய ஜட்கா வண்டி போன பிறகு அம்மா சித்தியைப் பார்த்து அழுதுகொண்டே கத்தினாள்: "வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடி?"

எனக்கோ உள்ளூரச் சந்தோஷம். இனி சித்தி என்னோடு விளையாடுவாள். அஞ்சாங்கல்லைக் கொண்டுவந்து அவள் உள்ளங்கையில் கொட்டினேன். விரல்கள் மூடவில்லை. கற்கள் ஒவ்வொன்றாக உருண்டு தரையில் விழுந்தன. "தோத்துட்டே சித்தி! இப்ப என் முறை!" என்று கைகொட்டினேன். சித்தி சிரித்தாள். சிரித்தாள் என்றுதான் அன்று நினைத்தேன்.

மறு வருஷம் அவள் அத்திபெலேக்குப் போனபோது, பிள்ளை பாட்டியின் இடுப்பைவிட்டு இறங்கவில்லையாம்.

இன்று என் மடியில் என் கைக்குழந்தை. சில நாட்களாகக் காலையில் என் விரல்கள் மடங்குவதில்லை. ஜன்னலில் வெயில் ஏறிய பிறகே ரவிக்கைக் கொக்கியை மாட்ட முடிகிறது. பெங்களூர்க் குளிர் என்று சொல்லிக்கொண்டேன். குளிர் போன பிறகும் அதையே சொல்லிக்கொள்கிறேன். நேற்றுக் குழந்தையைத் தூக்கும்போது என் முழங்கைகள் தாமாகவே விலாவோடு ஒட்டிக்கொண்டன.

என் மாமியார் நல்லவர். சித்தியின் மாமியாரும் கெட்டவள் அல்ல. அதுதான் என் பயம்.

இந்த வலியோடு பிள்ளை வளர்த்த சகோதரிகள் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். வீட்டில் சொல்லிவிடுவதா, பொறுத்துப் பார்ப்பதா? விடியற்காலையில், விரல் மடங்குவதற்கு முன் குழந்தை அழுதால், நீங்கள் எப்படித் தூக்கினீர்கள்?