சூசை வந்து நின்ற வரிசை

பினாங்கிலிருந்து கோலாலம்பூர் மாநாட்டுக்குப் போகும் பேராளரை இன்று எங்கள் சங்கத்தில் தேர்ந்தெடுத்தோம். ஓட்டுச் சீட்டு கிடையாது. பிடித்தவருக்குப் பின்னால் போய் நிற்கவேண்டும். ஆள் குறைந்தவர் விலகினால், அவருடைய ஆட்கள் வேறு வரிசைக்குப் போகலாம்.

துணிக்கடைக்காரருக்குப் பன்னிரண்டு பேர். எனக்கு ஒன்பது. சூசைக்கு ஏழு.

சபை நடுவே என் மனுவில் பிழை திருத்தியவர் சூசை. எட்டு வருடமாக நான் அவரோடு பேசுவதில்லை.

விலகிய சூசை, தம் ஆட்களோடு நேரே என் பின்னால் வந்து நின்றார்.

"என்னண்ணே, அவரு ஒங்க மொகத்தையே பாக்கமாட்டாரே!" என்று சூசையிடம் கேட்டார் ஒருவர்.

"சண்டக்காரருதான் லா. மாநாட்டுல தொரைங்ககிட்ட நமக்காகச் சண்ட போட வேற யாரு இருக்கா?" என்றார் சூசை.

ஜெயித்துவிட்டேன்.

மாநாட்டுப் பேச்சை எழுதியாயிற்று. பிழை ஒன்றும் இருக்காது. இருந்தாலும் சூசையிடம் காட்டலாமென்று பார்க்கிறேன். எட்டு வருடம் கழித்து முதல் வார்த்தை என்ன சொல்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.