கதவிடம் குளிர் கேட்ட நிரல்

ஸோர்னிட்சாவுக்குச் சனி, ஞாயிறுகளில் கைப்பந்து நடுவர் வேலை. மற்ற நாட்களில் எங்கள் ப்ளோவ்டிவ் நகர அலுவலகத்தில் கணினி நிரல்களுக்குச் சோதனை எழுதுவாள். தப்பைக் கண்டால் இரண்டு இடத்திலும் விசில்தான். எங்கள் தலையெழுத்து.

அந்த வசந்தத்தில் ஒரு தயிர்த் தொழிற்சாலையின் குளிர் அறைகளுக்கு மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். அறை சூடேறினால் எச்சரிக்கும் பகுதி எங்கள் குழுவின் இளைய நிரலாளன் டிஹோமிர் எழுதியது. எந்த சென்சார் வந்தாலும் அது வாங்கிக்கொள்ளும். வாங்கியபின், "நீ தெர்மாமீட்டர்தான்" என்று வகையை மாற்றி வெப்பநிலை கேட்கும். சோதனையில் நிஜ சென்சார் கிடையாது. சினிமா டூப் மாதிரி ஒரு போலியை நிறுத்துவோம். அந்தப் போலிக்கோ சென்சாராக மட்டுமே நடிக்கத் தெரியும். தெர்மாமீட்டர் என்றதும் சோதனை படுத்துவிட்டது.

விசில் பறந்தது.

"அக்கா, உங்க டூப்புதான் சொதப்புது. என் கோட் தங்கம்!" என்றான் டிஹோமிர்.

"தங்கமா தகரமான்னு பாப்போம்டா."

ஆனாலும் அவன் சொன்னதை நம்பி, போலிக்குத் தெர்மாமீட்டர் வேடத்தையும் சேர்த்துக் கட்டினாள். சோதனை தேறியது. டிஹோமிர் எல்லோருக்கும் சூடாகப் பனிட்சா என்ற பாலாடைக்கட்டிப் பலகாரம் வாங்கி வந்தான். ஸோர்னிட்சா பாதி தின்றுவிட்டுக் கீழே வைத்தாள்.

"டேய், எனக்கு இது செரிக்கல."

"பாலாடைக்கட்டி புளிச்சிருச்சா?"

"டெஸ்ட்டுடா! டூப்புக்கு நான் பொய் சொல்லக் கத்துக்குடுத்துட்டேன். நாளைக்கு நிஜமாவே தெர்மாமீட்டர் இல்லாத ஒண்ணு வந்து நின்னா?"

"எவன் அனுப்புவான்?"

"யாரு வேணா வாங்கன்னு நீதானே கதவத் தெறந்து வச்சிருக்க."

கூடுதல் வேடத்தைக் கழற்றிவிட்டு, அவன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தெர்மாமீட்டரை மட்டுமே வாங்கும்படி அவன் முணுமுணுத்துக்கொண்டே திருத்தினான். வகை மாற்றும் வரிக்கே இனி வேலையில்லை. உடனே நிரலின் வேறொரு மூலையில் ஒரு வரி பிழை என்று சிவந்தது. லாரி நிற்கும் வாசலின் கதவு சென்சாரையும் யாரோ இந்தப் பகுதிக்கே அனுப்பியிருந்தார்கள். திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதைத் தவிர அதற்கு ஒன்றும் தெரியாது. பழையபடியே விட்டிருந்தால், தொழிற்சாலையில் முதல் லாரி வந்து கதவு திறந்ததுமே எச்சரிக்கை மொத்தமும் செயலிழந்து விழுந்திருக்கும்.

"யாரு எழுதின வரி இது?" என்றாள்.

டிஹோமிர் காது சிவக்கத் திரையைப் பார்த்தான். "நாந்தான்."

அவள் எழுந்துபோய் அறைக் கதவைத் தட்டினாள். "கதவக்கா, உங்களுக்கு எத்தன டிகிரி?"

முதலில் சிரித்தவன் டிஹோமிர்தான்.

மே மாதம் தொழிற்சாலை திறந்தது. இரண்டாம் வாரமே ஒரு குளிர் அறை பழுதானது. எச்சரிக்கை உடனே அலறியதால் தயிர் தப்பியது. அவர்கள் அனுப்பிய பெரிய வாளித் தயிரில் ஸோர்னிட்சா வெள்ளரியும் பூண்டும் போட்டுத் தாராதோர் என்ற குளிர்ந்த சூப் கலக்கினாள். எல்லோரையும் முந்திக்கொண்டு கிண்ணத்தை நீட்டினான் டிஹோமிர்.